ஐப்பசி இருபத்தேழு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் என் மேசைக்கு ஏழெட்டுக் கடிதங்கள் வந்துவிடும். எல்லாவற்றிலும் ஒரே சேதிதான்: சார்பியல் கோட்பாடு பொய். சிலர் பணிவாகச் சொல்வார்கள், சிலர் திட்டிச் சொல்வார்கள். ஒருவர் மூன்று மாதமாக உறையின் மேல் 'இறுதி எச்சரிக்கை' என்றே எழுதி அனுப்புகிறார், எச்சரிக்கைதான் இன்னும் இறுதியாகவில்லை. தப்பு எந்த வரியில் என்று பார்த்துச் சிவப்பு வட்டம் போட்டு, நாலு வரி பதில் எழுதி அனுப்புவது என் வேலை. பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

அலுவலகத்தின் முழுப்பெயர் வான்வழி மறைவு நாள் நிர்ணய அலுவலகம். அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ ஏறினால் தூத்துக்குடியில் ஒருவருக்கும் வழி தெரியாது. 'திதி ஆபீஸ்' என்றால் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். வேறு விண்மீனுக்குப் பறக்கும் நெடுங்கலத்தில் போனவர்கள் திரும்பி வருவதில்லை. போகிற வழியில் யாராவது இறந்துபோனால், இங்கே இருக்கும் குடும்பம் எந்த நாளில் திதி கொடுப்பது, எந்த நாளில் பூசை வைப்பது, எந்த நாளில் பாத்திஹா ஓதுவது என்று நாங்கள்தான் தேதி குறித்துக் கொடுக்க வேண்டும்.

செத்த தேதி செத்த தேதிதானே, இதற்கு ஒரு அலுவலகமா என்று கேட்பார்கள். அங்கேதான் வில்லங்கம். ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலே ஓடும் கலத்தில் ஓர் உயிர் போகிறது. 'அது போன கணத்தில் பூமியில் என்ன தேதி?' என்று கேட்டால், பூமிக் கணக்கு ஒரு தேதி சொல்லும், கலத்தில் இருப்பவர்களின் கணக்கு இன்னொரு தேதி சொல்லும். நடுவில் இரண்டு மூன்று வருடம் இடிக்கும். எது சரி என்றால் இரண்டும் சரி. அவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு 'இப்போது' என்று ஒன்று கிடையாது. எங்கள் சுவரில் பெரிய எழுத்தில் பலகையே மாட்டியிருக்கிறோம்: 'கலத்தில் உள்ளவரைக் குறித்து இப்போது எனச் சொல்லாதீர்.'

இருந்தாலும் வருகிற அத்தனை பேரும் கேட்பது ஒரே கேள்விதான். "அவரு உசிரு போனப்ப நான் இங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?" நான் விளக்குவேன். படம் போட்டுக் காட்டுவேன். தலையாட்டுவார்கள். எல்லாம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி மேடம், உண்மையில என்னைக்கு?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்களில் நாலில் ஒருவர் வீட்டுக்குப் போய், சார்பியல் பொய் என்று எனக்குக் கடிதம் எழுதுவார். 'ஒரேகாலத்தார்' என்று அவர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறது. சூத்திரத்தின் மேல் கோபப்பட்டு இதுவரை ஒருவரும் எனக்கு எழுதியதில்லை. கையில் ஏதோ ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு, அதை விடமாட்டேன் என்று எழுதுகிறவர்கள்தான் எல்லாரும்.

ஆவுடையப்பன் என்பவரின் கடிதங்கள் மட்டும் வேறு மாதிரி. பாளையங்கோட்டையிலிருந்து எழுதுவார். அச்சுப் போன்ற கையெழுத்து, அளவாக விட்ட ஓரம், படத்துக்குப் பென்சில். ஆறே முக்கால் வருடத்தில் நாற்பத்தொரு கடிதம். தெரியாதவன் செய்கிற தப்பு எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். இவர் தப்பு ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் இருந்தது. ஒருமுறை சூரியக் காற்று ஒளியைத் தள்ளுகிறது என்பார். அடுத்த முறை கலம் ஒளியை இழுக்கிறது என்பார். தப்பைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள்கூட ஆகும், அந்த இரண்டு நாளும் நன்றாகப் போகும். வீட்டில் பேச ஆளில்லாதவளுக்கு அது பெரிய விஷயம். சொல்ல வெட்கம்தான், திங்கட்கிழமை உறைகளில் முதலில் அவர் கையெழுத்தைத்தான் தேடுவேன்.

மாசி மாதம் ஒரு நாள் எங்கள் தலைவர் ஜெபராஜ் ஆவுடையப்பனின் கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார்.

"செண்பகவல்லி மேடம், பங்குனி பதினஞ்சோட செய்தி வந்து ஏழு வருஷம் முடியுது. இன்னும் நாள் குறிச்சுக் கையெழுத்துப் போடல பாத்துக்கிடுங்க."

"போடலைன்னா?"

"போடலைன்னா என்ன, செய்தி வந்த நாளை நாமளே குத்திட்டு மூடிர வேண்டியதுதான். அப்புறம் மாத்த முடியாது."

கையெழுத்து இல்லாமல் நாள் இல்லை என்பது விதி. ஏழு வருடமாக ஆவுடையப்பனின் மகள் உமையாளுக்குத் திதி இல்லை. அந்தப் பெண் இறந்த செய்தி பூமிக்கு வந்த பங்குனி பதினைந்தைத்தான் இனி காலத்துக்கும் அவள் பேரில் எழுதி வைப்பார்கள். தபால்காரர் வந்த நாளைத் திதியாகக் கொடுப்பது போன்ற காரியம் அது. எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்று மதியச் சாப்பாட்டு வேளையில் நாற்பத்தொரு கடிதத்தையும் மேசை முழுக்கப் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் தப்பு எங்கே என்றுதான் இத்தனை நாள் பார்த்திருக்கிறேன். விடை என்ன என்று பார்த்ததே இல்லை. தப்பான கணக்கின் விடை யாருக்கு வேண்டும்? இப்போது பார்த்தேன். வழி நாற்பத்தொன்று, விடை ஒன்று. எல்லாக் கடிதத்திலும் கடைசியில் ஒளி, தன் வேகத்தைவிட நூற்றுக்கு 0.64 பங்கு கூடுதலாக ஓடியது. ஒரு தடவைகூட 0.63 இல்லை, 0.65 இல்லை.

விடையை முதலில் வைத்துக்கொண்டு அதற்கு வழி போட்டிருக்கிறார் மனுஷன். எதற்கு அந்த விடை?

உமையாளின் கோப்பைப் பிரித்தேன். 2190 தையில் போயிருக்கிறாள், இருபத்தெட்டு வயது. கலக் கடிகாரப்படி ஐந்து வருடமும் ஏழு மாதமும் ஆனபோது மூளையில் ரத்தக்கசிவு. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒளியின் வேகத்தில் போகும் வானஞ்சல் அவளுக்கு இங்கிருந்து போனது மொத்தமே ஒன்றுதான். ஆவுடையப்பன் அனுப்பியது, 2192 ஐப்பசி இருபத்தேழு. ஓடும் கலத்தை வருடக்கணக்கில் துரத்தி அது போய்ச் சேர்ந்தது அவள் இறந்த பத்தொன்பதாம் நாள். அதற்கு எதிரே 'திறக்கப்படவில்லை' என்று ஒரு சொல்.

பென்சிலை எடுத்து அந்த அஞ்சலை நூற்றுக்கு 0.64 பங்கு கூடுதல் வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். அவள் சாவதற்கு அரை நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது. திறந்து கேட்க, திரும்ப ஒருமுறை கேட்க, அந்த அரை நாள் தாராளமாகப் போதும். டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டேன்.

கடைசி விசாரணைக்கு அவரை வரச் சொல்லி எழுதினேன். பங்குனி எட்டாம் தேதி காலை வந்தார். எழுபத்தேழு வயது, ஒல்லி, சட்டைப் பையில் இரண்டு பேனா. உட்காரும்போதே ஓர் உறையை நீட்டினார்.

"நாப்பத்திரெண்டாவது. கையோட கொண்டாந்துட்டேன். தபால்ல போட்டா நீங்க படிக்க ஒரு வாரம் ஆக்குதீங்க."

அவர் எதிரிலேயே படித்தேன். கால் மணி நேரம் ஆனது. பதினாறாவது வரியில் வட்டம் போட்டுத் தாளைத் திருப்பி வைத்தேன்.

"ம்," என்றார். "இந்தத் தடவை சீக்கிரம் புடிச்சிட்டீங்க."

"நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்படித் தெரியும்?"

"இவ்வளவு சுத்தமாத் தப்பு பண்ண வெளியாளுக்கு வராது சார்."

சிரித்தார். "அரசு மேல்நிலைப் பள்ளி. பிசிக்ஸ். முப்பத்திநாலு வருஷம். பன்னெண்டாங்கிளாஸ்ல கடைசிப் பாடம் சார்பியல். நல்லா நடத்துவேன். உமையாளுக்கும் நான்தான் நடத்தினேன்."

"அப்ப இது பொய்யில்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே நாப்பத்திரெண்டு கடிதமா?"

"தெரியதும் ஒத்துக்கிடதும் ஒண்ணா மேடம்?"

0.64 என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர் பக்கம் தள்ளினேன். அதை எடுத்துப் பார்த்தார். நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

அவள் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. வழியனுப்பப் போகவில்லை. இரண்டே முக்கால் வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை, எழுதவில்லை. 2192 ஐப்பசி பதினேழாம் தேதி அவளிடமிருந்து ஓர் அஞ்சல் வந்தது. அதில் 'நல்லாயிருக்கீங்களா' கூடக் கிடையாது. ஒரு கணக்கு மட்டும் இருந்தது.

"சின்னப் புள்ளையில காலைல இட்லி சாப்பிடும்போது நான் ஒரு கணக்கு சொல்லுவேன், சாப்பிட்டு முடிக்கதுக்குள்ள அவ விடை சொல்லணும். சண்டை போட்டா அவ எனக்குக் கணக்கு குடுப்பா. நான் விடை சொல்லிட்டா சமாதானம்னு அர்த்தம். இது அந்த மாதிரி வந்தது. 'அப்பா, உங்க எழுபதாவது பிறந்தநாள் அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு இங்க என் கடிகாரத்துல என்ன தேதி, என்ன மணி? அதே நேரத்துல நான் இங்க பாயசம் வைக்கணும்.' அவ்வளவுதான் மேடம்."

"போட்டீங்களா?"

"ஒரு மணி நேரத்துல போட்டுட்டேன். கணக்கா பெரிசு?" கையை மேசை மேல் வைத்துக்கொண்டார். "ரெண்டு விடை வந்தது. பூமிக் கணக்குக்கு ஒண்ணு, கலக் கணக்குக்கு ஒண்ணு. ரெண்டும் சரி. எதை அனுப்ப? பூமிக் கணக்கை அனுப்பினா, 'நான் இருக்கிற எடத்துலருந்து பாக்கத் தெரியலையா அப்பா'ன்னுவா. கலக் கணக்கை அனுப்பினா, 'இது உங்க பிறந்தநாள்தான, என் கணக்கு எதுக்கு'ன்னுவா. அவகிட்ட தப்பா மாட்டிக்கிடக் கூடாதுன்னு ஒரே யோசனை. வாத்தியார் புத்தி. பத்து நாள் போயிட்டு. கடைசியில ரெண்டையும் அனுப்பினேன்."

பத்து நாள். அன்றைக்கே அனுப்பியிருந்தால் அவள் உயிரோடு இருக்கும்போது போய்ச் சேர்ந்திருக்கும். கலத்தில் நாலு வருடத்துக்கு மேல் அந்தப் பெண் விடைக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என் எழுபதாவது பிறந்தநாளுக்கு," என்றார், "காலைல ஏழு மணிக்குப் பாயசத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவளும் இப்ப வச்சிருப்பான்னு. ரெண்டரை மாசம் கழிச்சுத்தான் செய்தி வந்தது. அப்படி ஒரே நேரம்னு ஒண்ணு இருந்திருந்தா, ஒரே விடைதான மேடம் வந்திருக்கும்? அன்னைக்கே அனுப்பியிருப்பேன்ல?"

அவர் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடமாக ஒரேகாலத்தாருக்கு மடையர்கள் என்றும் அடம் பிடிப்பவர்கள் என்றும் மனசுக்குள் பெயர் வைத்திருந்தேன். அன்று என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனால் பொய் சொல்ல எனக்கு வராது. "சார், அந்த அஞ்சல் அவளுக்குக் கிடைக்கல," என்றேன். "மத்ததெல்லாம் கணக்குக்குக் கணக்கு மாறும். இது மாறாது. எந்தக் கடிகாரத்தை வச்சுப் பாத்தாலும் அவ போனதுக்கு அப்புறம்தான் அது போய்ச் சேந்தது."

"தெரியும்."

"நான் இன்னும் முடிக்கல."

நாள் குறிக்கும் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதில் நாலு கட்டம் உண்டு. பூமிக் கணக்கு, கலக் கணக்கு, செய்தி வந்த நாள் ஆகிய மூன்றும் எல்லாருக்கும் தெரியும். நாலாவதில் பொடி எழுத்தில் 'நடுக்காலத்துள் குடும்பம் தேர்ந்த பிற நாள்' என்று இருக்கும். விதிகளை எழுதியவர்கள் கணக்கு முழுமையாக இருக்கட்டும் என்று சேர்த்தது. என் அனுபவத்தில் ஒருவரும் அதை நிரப்பியதில்லை. நானும் யாருக்கும் சொன்னதில்லை, சொன்னால் இன்னும் குழம்புவார்கள் என்று விட்டுவிடுவேன்.

"அவளை உசிரோட தொட்டிருக்கக்கூடிய கடைசி அஞ்சல் இங்கருந்து கெளம்பியிருக்க வேண்டிய நாள் ஒண்ணு இருக்கு," என்றேன். "அவ செய்தி இங்க வந்த நாள் ஒண்ணு இருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது நடுக்காலம். அதுல எந்த நாளை எடுத்தாலும், 'உமையாள் போனது இதே கணம்தான்'னு சொல்லுற கடிகாரம் ஒண்ணு இருக்க முடியும். பூமிக் கடிகாரம் எவ்வளவு உண்மையோ அதுவும் அவ்வளவு உண்மை. பாடத்துல நடத்தியிருப்பீங்க."

"நடத்தியிருக்கேன்."

"உமையாளுக்கு நடுக்காலம் 2192 ஐப்பசி பதினெட்டுல ஆரம்பிக்குது."

அவர் விரல் மேசையில் நகர்ந்தது. பதினெட்டிலிருந்து எண்ணுகிறார் என்று தெரிந்தது. இருபத்தேழில் வந்து நின்றது.

"நீங்க அனுப்பின நாள் உள்ள விழுது சார். ஒன்பது நாளுக்கு மேல உள்ள. அஞ்சல் அவளுக்குக் கிடைச்சிருந்தா அந்த நாள் உள்ள விழுந்திருக்காது. நேரத்தோட போய்ச் சேராததுனாலதான், நீங்க பேசினதும் அவ போனதும் ஒரே கணம்னு வச்சுக்கிட முடியுது. இதுல ஏமாத்து எதுவும் இல்ல."

அவர் என் பென்சிலை வாங்கிப் படிவத்தின் ஓரத்திலேயே ஒரு சின்னக் கணக்குப் போட்டார். எண்கள் நேராக வந்தன.

"தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு," என்றார். "ஒளியோட வேகத்துல நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு. கலம் போன அதே திசையில. அவ்வளவு வேகமா அவ பின்னால ஓடுதவனோட கடிகாரம்."

"ஆமா சார்."

"அவனுக்குத்தான் ரெண்டும் ஒரே கணம்."

"ஆமா."

தான் போட்ட கணக்கை இன்னொரு தடவை சரிபார்த்தார். வாத்தியார் புத்தி எங்கே போகும். பிறகு நாலாவது கட்டத்தில் ஐப்பசி இருபத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பத்திரண்டாவது கடிதத்தை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். வாசல்வரை கூடவே போனேன். பேருந்து நிறுத்தத்துக்கு வழி கேட்டார், சொன்னேன்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகள் சப்பென்று ஆகிவிட்டன. இறுதி எச்சரிக்கைக்காரர் தவறாமல் எழுதினார். பாளையங்கோட்டை உறை மட்டும் வரவில்லை. கோப்பு மூடியதற்கு ஜெபராஜ் என்னைப் பாராட்டினார். நான்தான் ஒரு நல்ல ஆளைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசி பிறந்ததும் ஓர் அஞ்சலட்டை வந்தது. 'இருபத்தேழாம் தேதி காலை பத்து மணிக்குள் வரவும். பாயசம் உண்டு. ஆ.' லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

வேறு யாரும் வரவில்லை. மகளின் படம், அதன் முன்னால் இலை. இலையில் இட்லியும் ஒரு கிண்ணம் பாயசமும். இதையெல்லாம் முறைப்படி செய்கிற ஐயர் வெளியே ஸ்கூட்டரில் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நின்றார்.

"பத்தே காலுக்குத்தான் அனுப்பினேன்," என்றார்.

இன்னும் நாலு நிமிடம் இருந்தது. முள் காலைத் தொட்டதும் படத்தின் பக்கம் திரும்பினார்.

"இப்ப," என்றார்.

அந்தச் சொல்லை ஆயிரம் பேரிடம் திருத்தியிருக்கிறேன். அவரிடம் திருத்தவில்லை.

சாயங்காலம் நாலரைக்கு வீடு வந்து சேர்ந்தேன். கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையில், அடியில், என் வீட்டுக்காரரின் கலக் கடிகாரம் கிடக்கிறது. ஐந்தாம் நெடுங்கலத்தில் அவர் போனபோது எல்லாக் குடும்பத்துக்கும் கொடுத்தது. அங்கே மணி என்ன என்று காட்டும். பூமிக் கணக்குதானே, பாதி உண்மைதானே என்று இரண்டாவது வருடமே பேட்டரியைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டேன். அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

புதுப் பேட்டரி போட்டேன். அங்கே மணி என்ன என்று தாளில் கணக்குப் போட்டேன். எதிர்பார்த்தபடி இரண்டு விடை வந்தது. பத்து நாள் யோசிக்கவில்லை, முதலில் வந்ததை எடுத்து முள்ளைத் திருப்பி வைத்தேன். ஐந்தே கால். கடிகாரத்தை அடுப்பு மேடையில் நிறுத்திவிட்டுப் பாலைக் காய்ச்சினேன்.

"இப்ப டீ குடிச்சுக்கிட்டு இருப்பாரு," என்று வாய்விட்டே சொன்னேன். வீட்டில் கேட்க யாரும் இல்லை. இரண்டு டம்ளரில் ஊற்றினேன்.